இதற்கொரு சட்டம் வேண்டும்! – மாணவர் எழுதும் சட்டங்கள்

கட்டுரைப் போட்டி, சிறுகதைப் போட்டி, பேச்சுப் போட்டி, பட்டிமன்றம் என எத்தனையோ போட்டிகளைப் பள்ளிப் பருவம் முதலே நாம் கண்டு வந்திருக்கிறோம். ‘இளையோரே நாட்டின் தூண்கள்’ என்ற தலைப்பில் ஒரு முறையேனும் எழுதாதவர் நம்மில் அரியர். தூண்கள் என்று எழுதிப் பரிசும் பெற்றோம். ஆனால் அந்தத் தூண்கள் தாங்கும் கூரையைப் பற்றி நம்மை யாரும் கேட்டதில்லை. “நாட்டில் இல்லாத ஒரு சட்டத்தை நீங்களே எழுதித் தாருங்கள். ஏற்புடையதாக இருந்தால் அதை அவையின் முன் வைக்கிறோம்” என்று மாணவரை அழைக்கும் போட்டிகளும் உலகில் உண்டு. அவற்றின் நடைமுறையையும், அவற்றால் விளைந்தவற்றையும், நம் மண்ணில் அதற்குள்ள தேவையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஜோ சிமிடியன் என்ற சட்டமன்ற உறுப்பினர் 2001-இல் ஒரு போட்டியைத் தொடங்கினார். ‘இதற்கொரு சட்டம் வேண்டும்’ என்று நாம் அன்றாடம் அலுத்துக்கொள்கிறோமே, ஏறக்குறைய அதே பொருள் தரும் தொடர்தான் அப்போட்டியின் பெயர். தொகுதி மக்கள் யாரும் கலந்து கொள்ளலாம். தேர்வு பெற்ற கருத்தை அவரே மசோதாவாக அவையில் தாக்கல் செய்வார். பிரேசில் நாட்டு மேலவை 2011 முதல் இதை உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கே உரியதாக நடத்தி வந்துள்ளது. ‘இளம் செனட்டர்’ என்பது அதன் பெயர். அரசுப் பள்ளி மாணவர்கள் முதலில் ஒரு கட்டுரை எழுதுகிறார்கள். 26 மாநிலங்களிலிருந்தும் தலைநகர்ப் பகுதியிலிருந்தும் ஒருவர் வீதம் 27 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு பிரசிலியாவுக்கு அழைக்கப்படுகிறார்கள். அங்கே அவர்கள் பதவிப் பிரமாணம் எடுத்து, தங்களுக்குள் அவைத்தலைவரைத் தேர்ந்தெடுத்து, குழுக்களாகப் பிரிந்து மசோதா எழுதி, விவாதித்து, வாக்களிக்கிறார்கள். அவர்கள் நிறைவேற்றியது மேலவையின் மனித உரிமைக் குழுவுக்குப் போகிறது. குழு ஏற்றுக்கொண்டால் அது உண்மையான மசோதாவாகிறது.

எனினும், இத்தகைய போட்டிகளில் நாம் நின்று பார்க்க வேண்டியது பிரான்சு நாட்டின் ‘சிறுவர் நாடாளுமன்றம்’ ஆகும். அதில் பங்கேற்றவர்கள் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள்கூட அல்லர். தொடக்கப்பள்ளியின் இறுதியாண்டில் பயிலும் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள்.

பிள்ளைகள் எழுதிய நான்கு சட்டங்கள்

1994-இல் பிரெஞ்சு தேசிய அவையின் தலைவராக இருந்த பிலிப் செகேன் காலத்தில் இத்திட்டம் தொடங்கியது. அவையில் மொத்தம் 577 உறுப்பினர்கள். ஆகவே, தொகுதிக்கு ஒரு பிள்ளை வீதம் 577 பிள்ளைகள் பாரிசில் உள்ள பூர்போன் மாளிகைக்கு வந்து, உறுப்பினர்கள் அமரும் அதே இருக்கைகளில் அமர்ந்தனர். (பின்னாளில் இந்த ஒரு நாள் கூட்டம் கைவிடப்பட்டு, இறுதிச் சுற்றுக்கு வந்த மசோதாக்களுக்கு வகுப்புகளே வாக்களிக்கும் முறை வந்தது.) வகுப்பு முழுவதும் சேர்ந்து, ஆசிரியரின் துணையுடன் ஒரு மசோதாவை எழுத வேண்டும். அதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. இந்தச் சட்டம் ஏன் வேண்டும் என்ற விளக்கம் ஒன்று. பிறகு, எண்ணிட்ட சில பிரிவுகள். விளக்கத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் உருகலாம். பிரிவுகளில் உருக முடியாது. யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்பதை மட்டுமே சொல்ல முடியும்.

வெற்றி பெற்ற மசோதா தானாகச் சட்டமாகிவிடாது. மெய்யான உறுப்பினர் ஒருவர் அதைத் தம் பெயரில் தாக்கல் செய்ய வேண்டும். இரு அவைகளும் அதை விவாதித்துத் திருத்தி நிறைவேற்ற வேண்டும். இந்தக் கடினமான வழியைக் கடந்து 1996 முதல் 2000 வரையில் நான்கு மசோதாக்கள் சட்டமாயின என்பது குறிப்பிடத்தக்கது.

முதலாவது, 1996 டிசம்பர் 30-ஆம் நாளைய சட்டம். பெற்றோர் பிரிந்தாலோ, பிள்ளைகளை அரசு தன் பராமரிப்பில் எடுத்துக்கொண்டாலோ, உடன்பிறந்தாரைத் தனித்தனியே பிரிக்கக்கூடாது என்பதே அதன் சாரம். பிரெஞ்சுக் குடியியல் சட்டத் தொகுப்பில் அது ஒரு பிரிவாகவே இடம்பெற்றுவிட்டது. மணவிலக்கைப் பற்றிப் பெரியவர்கள் எத்தனையோ சட்டங்களை எழுதியிருந்தார்கள். வீடு யாருக்கு, பணம் யாருக்கு, பிள்ளை யாரிடம் என்றெல்லாம் எழுதியவர்களுக்கு, அண்ணன் ஒரு வீட்டிலும் தங்கை இன்னொரு வீட்டிலும் வளர்வதைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தோன்றியது.

இரண்டாவது, 1998-இல் வந்தது. பெற்றோரை இழந்த பிள்ளையின் காரியங்களை முடிவு செய்ய உறவினர் அடங்கிய குடும்பக் குழு ஒன்று அந்நாட்டுச் சட்டப்படி அமைக்கப்படும். அக்குழுவின் கூட்டத்தில் அந்தப் பிள்ளையும் கலந்துகொள்ள இச்சட்டம் வழி செய்தது. மூன்றாவது 1999-இல் வந்தது. பள்ளிப் பொருள்களை வாங்கும்போது அவை குழந்தைத் தொழிலாளர்களால் செய்யப்படாதவையாக இருக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது அது. நான்காவது, கொடுமைக்கு உள்ளாகும் பிள்ளைகளைக் கண்டறிவதில் பள்ளிக்கு உள்ள பங்கை வலுப்படுத்திய 2000-ஆம் ஆண்டுச் சட்டம்.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். முதல் சட்டம் நீதிபதிக்கு ஒரு கடமையை விதிக்கிறது. உடன்பிறந்தாரைப் பிரிப்பதானால் அதற்கு அவர் காரணம் காண வேண்டும். பிரிந்த பிள்ளைகள் எப்படிச் சந்திப்பது என்றும் தீர்மானிக்க வேண்டும். மூன்றாவது சட்டமோ, பள்ளிகள் ‘பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்கிறது. பார்த்துக்கொள்ளாவிட்டால்? நோக்கத்தால் மூன்றாவதே பெரியது. உலகம் முழுவதும் உள்ள குழந்தைகளை நினைத்து எழுதப்பட்டது. ஆனால் நீதிமன்றத்தில் ஒரு பிள்ளைக்கு இன்று உதவக்கூடியது முதலாவதுதான் என்பது என் கருத்து. சட்டத்தின் வலிமை அதன் நோக்கத்தில் மட்டும் இல்லை. அது யாருக்கு என்ன வேலையைக் கொடுக்கிறது என்பதில் இருக்கிறது.

நாளைக் குறிக்க மறந்தால்

உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் எழுதிய சட்டத்திற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ஹைட்ஸ்டவுன் உயர்நிலைப்பள்ளியில் உள்ளது. இது போட்டிக்காக எழுதப்பட்டதன்று. அரசியல் பாட வகுப்பில் பிறந்தது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டக் காலத்தில் நடந்து, துப்புத் துலங்காமல் விடப்பட்ட கொலைகளைப் பற்றி அம்மாணவர்கள் படித்து வந்தனர். அரசிடம் ஆவணங்களைக் கேட்டு விண்ணப்பித்தனர். பதில் வரக் காலம் பிடித்தது. வந்த தாள்களிலும் பல வரிகள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தன. ஆகவே 2015-இல் அவர்கள் ஒரு மசோதாவை எழுதத் தொடங்கினர். 1940 முதல் 1979 வரையிலான அத்தகைய வழக்குகளின் ஆவணங்களை ஒரே இடத்தில் திரட்ட வேண்டும். எதை வெளியிடலாம் என்பதை அரசுத் துறைகள் அல்லாமல் தனியான குழு ஒன்று முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் கரு. அதிபர் கென்னடி கொலை தொடர்பான ஆவணங்களுக்காக 1992-இல் வந்த சட்டத்தை அவர்கள் மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். இதுவும் கற்க வேண்டிய பாடமே. புதிய சட்டம் எழுதுபவர் வெறுந்தாளில் தொடங்குவதில்லை. முன்பே நடைமுறையில் உள்ள ஒன்றைத் தேடிப் பிடிக்கிறார்.

மாணவர்கள் வாஷிங்டன் சென்று உறுப்பினர்களின் அலுவலகங்களில் ஏறி இறங்கினார்கள். கீழவையில் பாபி ரஷ் மசோதாவைத் தாக்கல் செய்தார். மேலவையில் டக் ஜோன்ஸ் அதைக் கையிலெடுத்தார். பர்மிங்காம் தேவாலயக் குண்டுவெடிப்பு வழக்கில் பல்லாண்டுகளுக்குப் பிறகு குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றிய அரசு வழக்கறிஞர் அவர். தொடங்கிய மாணவர்கள் பள்ளியை விட்டுப் போனார்கள். அடுத்த வகுப்பினர் தொடர்ந்தார்கள். 2018 டிசம்பரில் இரு அவைகளும் நிறைவேற்ற, 2019 ஜனவரி 8-ஆம் நாள் அதிபர் கையெழுத்திட்டார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஆவணங்களை ஆராயும் குழுவின் உறுப்பினர்களை அதிபர் நியமிக்க வேண்டும். மேலவை ஏற்க வேண்டும். அது நடந்தது 2022-இல்தான். குழுவின் ஆயுளோ, சட்டம் கையெழுத்தான நாளிலிருந்தே எண்ணப்பட்டது. வேலை தொடங்குமுன்பே காலத்தின் பெரும்பகுதி கரைந்துவிட்டது. அந்த ஆண்டு இறுதியில் இன்னொரு சட்டம் இயற்றித்தான் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ‘சட்டம் வந்த நாளிலிருந்து’ என்பதற்குப் பதிலாக ‘குழு அமைந்த நாளிலிருந்து’ என்று எழுதியிருந்தால் இத்தொல்லை நேர்ந்திருக்காது. மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பல வழக்கறிஞர்களின் கண் பட்ட பிறகும் நின்ற வரி அது.

நாளைக் குறிப்பதன் அருமையை மலேசியர்களாகிய நாமும் அறிவோம். வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைக்க வேண்டும் என்ற இயக்கம் மாணவர் முயற்சியாகவே தொடங்கியது. அமெரிக்காவில் பயின்ற மலேசிய மாணவர்களான கைரா யுஸ்ரி, தர்மா பிள்ளை ஆகியோர் அதை முன்னின்று நடத்தினர். 2019 ஜூலை 16-ஆம் நாள் மக்களவையில் 211 உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களிக்க, எதிர்ப்பே இன்றி அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. ஆயினும் அரசிதழில் அறிவிக்கும் நாளில்தான் அது நடைமுறைக்கு வரும். அந்த நாள் வந்தபாடில்லை. 2021 மார்ச்சில், அது மறு ஆண்டு செப்டம்பருக்குப் பிறகே இயலும் எனப்பட்டது. இளைஞர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2021 செப்டம்பரில் கூச்சிங் உயர்நீதிமன்றம், ஆண்டு முடிவதற்குள் நடைமுறைப்படுத்துமாறு உத்தரவிட்டது. டிசம்பர் 15-இல் 18 வயதினர் வாக்காளர் ஆயினர். ஒருமனதாக நிறைவேறிய திருத்தம், ஒரு நாள் குறிக்கப்படாததால் ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் காத்திருந்தது.

காத்திருப்பில் இதை விஞ்சியது அமெரிக்காவில் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் பற்றி 1789-இல் முன்மொழியப்பட்ட அரசியலமைப்புத் திருத்தம் ஒன்று போதிய மாநிலங்களின் ஒப்புதல் இன்றிக் கிடந்தது. அதற்குக் காலக்கெடு எதுவும் குறிக்கப்படவில்லை. ஆகவே அது இன்னும் உயிரோடுதான் உள்ளது என்று டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன் 1982-இல் ஒப்படைப்பு ஒன்றில் எழுதினார். அதற்குக் கிடைத்தது ‘சி’ தகுதி. அவர் சும்மா இருக்கவில்லை. மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதினார். 1992-இல் அது 27-ஆவது திருத்தமாக நிறைவேறியது. 2017-இல் பல்கலைக்கழகம் அவருடைய தகுதியை ‘ஏ’ என்று திருத்தியது. ஒப்படைப்பில் புள்ளி குறைந்த நண்பர்கள் இதைத் தங்கள் விரிவுரையாளரிடம் காட்டுவது அவரவர் பொறுப்பு.

நம் கையில் உள்ள வரி

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ மாணவர் ஒருவர் எழுதும் மசோதா அவைக்குப் போகுமா என்று கேட்கலாம். எளிதன்று. அமைச்சர் அல்லாத உறுப்பினரும் மசோதா கொண்டுவர இரு நாட்டு அவை விதிகளிலும் இடமுண்டு. ஆனால் அரசாங்க அலுவல்களுக்கே முதலிடம். சிங்கப்பூரில் நியமன உறுப்பினர் வால்டர் வூன் கொண்டுவந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995-இல் நிறைவேறியது. பிள்ளைகளால் கைவிடப்பட்ட 60 வயதுக்கு மேற்பட்ட பெற்றோர் நேரே சென்று முறையிட அச்சட்டம் ஒரு தீர்ப்பாயத்தையே அமைத்தது. அதுதான் அதன் உயிர். பெற்றோரைப் பேணுதல் நம் கடமை என்று மட்டும் எழுதியிருந்தால் அது நீதிநூலாகியிருக்கும்; சட்டமாகியிருக்காது.

அவைக்குப் போகாவிட்டாலும் எழுதிப் பார்ப்பதில் பயன் உண்டு. எப்படி என்பதற்கு நமக்கு மிக நெருக்கமான வரி ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆனால் தமிழ் இடைநிலைப்பள்ளி இல்லை. ஆறாம் ஆண்டு முடித்த மாணவர் பெரும்பாலும் தேசிய இடைநிலைப்பள்ளிகளுக்கே செல்கிறார்கள். அங்கே தமிழ் வகுப்பு நடந்தால் தமிழோடு தொடர்பு நிலைக்கும், எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுக்க வழி பிறக்கும். இந்த வகுப்பைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம், “15 மாணவர் இருந்தால் தமிழ் வகுப்பு நடத்த வேண்டும், சட்டமே சொல்கிறது” என்கிறோம். சட்டம் சொல்வது சரியாக அதுவன்று.

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 2-ஆவது பிரிவில் அந்த வரி உள்ளது. அது சொற்களுக்குப் பொருள் கூறும் பிரிவாகும். தேசியப் பள்ளி என்றால் என்ன என்று விளக்குமிடத்தில், பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் சீனமோ தமிழோ கற்பிப்பதற்கு வசதி செய்து தரப்பட வேண்டும் என்கிறது. தேசிய இடைநிலைப்பள்ளிக்கும் இவ்வாறே. 15 மாணவர் ‘இருந்தால்’ போதாது. பெற்றோர் ‘கேட்க’ வேண்டும். தமிழ் மாணவர் 40 பேர் பயிலும் பள்ளியிலும் பெற்றோர் கேட்கவில்லையெனில் இந்த வரி உறங்கும்.

இன்னொன்று. அதே இடத்தில் பூர்வகுடி மொழிகளைப் பற்றிச் சொல்லும்போது, ‘நியாயமானதும் நடைமுறைக்கு இயன்றதுமானால்’ என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டுள்ளது. தமிழுக்கும் சீனத்திற்கும் அந்நிபந்தனை இல்லை. அருகருகே உள்ள இரண்டு வரிகளில் ஒன்றில் உள்ளது மற்றொன்றில் இல்லையென்றால், அந்த வேறுபாட்டிற்குப் பொருள் உண்டு என்று வாதிட இடமிருக்கிறது. ‘ஆசிரியர் இல்லை, நேரம் இல்லை’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்பும் பெற்றோர், தம் பக்கம் உள்ள இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டாமா? பூர்வகுடி மொழி பேசும் பெற்றோர் அந்நிபந்தனையை நீக்குமாறு கேட்டால் அதுவும் நியாயமே. அத்தகைய மசோதாவை எழுதப்போகும் மாணவர் சபாவிலோ சரவாக்கிலோ இருக்கலாம்.

அந்த வரியில் இல்லாதவையும் உண்டு. கேட்டு எத்தனை நாளுக்குள் வகுப்பு தொடங்க வேண்டும் என்பது அதில் இல்லை. வகுப்பு பள்ளி நேரத்திற்குள்ளா, மாலையிலா, சனிக்கிழமையிலா என்பதும் இல்லை. மறுத்தால் பெற்றோர் எங்கே முறையிடுவது என்பதும் அதில் இல்லை. பிரெஞ்சுப் பிள்ளைகளின் மூன்றாவது சட்டத்தில் கண்ட குறையும், ஹைட்ஸ்டவுனில் கண்ட குறையும் இங்கே ஒருசேர நிற்கின்றன.

இதைத் திருத்தி எழுத முனையும் ஐந்தாம் படிவ மாணவி ஒருவர் என்ன எழுதக்கூடும்? “15 மாணவரின் பெற்றோர் எழுத்து வழி விண்ணப்பித்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள், பள்ளி நேரத்திற்குள், தலைமையாசிரியர் வகுப்பைத் தொடங்க வேண்டும். தொடங்க இயலாவிடில் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பெற்றோர் அதை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் முறையிடலாம்.” மூன்றே வரிகள். உடனே கேள்விகள் எழும். ஆசிரியரை நியமிப்பது தலைமையாசிரியர் கையில் இல்லையே. அப்படியானால் கடமையை அமைச்சுக்கு அல்லவா விதிக்க வேண்டும்? தமிழ் ஒலிக்கும் நேரத்தில் மற்ற மாணவர் என்ன செய்வார்கள்? பள்ளியில் 14 பேர் மட்டும் இருந்தால்? அடுத்த பள்ளியில் ஒன்பது பேர் இருந்தால் இரண்டையும் சேர்க்கலாமா? சேர்த்தால் பேருந்துச் செலவு யாருடையது? ஒவ்வொரு கேள்விக்கும் விடை தேடப் பள்ளிக்குப் போக வேண்டும்; ஆசிரியரைக் கேட்க வேண்டும்; கணக்குப் பார்க்க வேண்டும். மேடையில் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று முழங்குவதைவிட இது கடினமான வேலை. கைத்தட்டலும் குறைவாகத்தான் கிடைக்கும்.

மொழிக் கழகங்கள் ஆண்டுதோறும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் போட்டிகளோடு இதையும் ஒன்றாகச் சேர்க்கலாம். ஒரு பக்க விளக்கம், ஐந்துக்கு மிகாத பிரிவுகள், எல்லாம் தமிழில். சட்டத்துறை மாணவர் ஒருவரும் பணியிலுள்ள ஆசிரியர் ஒருவரும் நடுவராக இருக்கட்டும். இறுதிச் சுற்றில் பேச்சு வேண்டா. நடுவர் கேள்வி கேட்க, எழுதியவர் அங்கேயே தம் வரியைத் திருத்திக் காட்டட்டும். முதலாண்டுத் தலைப்பை வெளியில் தேட வேண்டியதில்லை. 14 மாணவர் மட்டுமே உள்ள பள்ளிக்கு என்ன செய்வது என்று கேட்டுத் தொடங்கலாம்.